சங்குமுனையைப் பார்த்த பெட்டிகள்

சங்குமுனைக்காரர்களிடம் சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்; இலங்கை எந்தத் திசை என்று கேட்டால் தூக்கத்தில் இருப்பவன்கூடக் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் புரண்டு படுப்பான். ஒரு காலத்தில் அந்த ஊரில் ஓட்டு வீடு, ஓலை வீடு, மாடி வீடு என்ற பேதமில்லாமல் எல்லாக் கூரைமேலும் தென்னைக்குப் போட்டியாக ஓர் இரும்புக் குழாய் நின்றது, அதன் உச்சியில் தின்று போட்ட மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா நின்றது, அத்தனை முள்ளும் கடலைத் தாண்டி அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் நம் நாட்டு நிலையம் மண்புழு உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இலங்கை நிலையம் பாட்டுப் போட்டது. காற்றடித்தால் குழாய் திரும்பிவிடும். கூரையில் ஒருவர் ஏறித் திருப்புவார், உள்ளேயிருந்து ஒருவர் பெட்டியைப் பார்த்துக் கத்துவார்.

“வந்துட்டா?”

“வரல்ல!”

“இப்பம்?”

“வந்துட்டு, வந்துட்டு... ஏ, போயிட்டு!”

சாயங்காலமானால் மற்ற ஊர்களில் காக்கை கத்தும். சங்குமுனையில் இது கேட்கும்.

பிறகு கேபிள் வந்தது, குடை மாதிரி டிஷ் வந்தது, கைக்குள் அடங்கும் போன் வந்தது. ஆன்டெனாக்கள் எடைக்குப் போய்ப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தன. பெட்டிகளை மட்டும் பழைய இரும்புக்காரன் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவை ஓடாத மின்விசிறிக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் மேகலாவும் ஜோசுவாவும் சென்னையிலிருந்து வந்தார்கள். இருவரும் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். ஆனால் வரைவதில்லை என்றார்கள். அப்படியென்றால் என்னதான் செய்வீர்கள் என்று பஞ்சாயத்துத் தலைவர் சித்திரைவேலு கேட்டார்.

“வழக்கத்துல இல்லாம போன சாதனங்களை வெச்சு வேலை செய்யறோம் சார்” என்றாள் மேகலா. “இந்தப் பெட்டி முன்னாடிதான் ஒரு ஊரே ஒண்ணா உக்காந்து சிரிச்சிருக்கு, அழுதிருக்கு. இப்ப பரண்ல கெடக்கு. அதுக்கு என்ன ஞாபகம் இருக்கும்கிறதுதான் எங்க கேள்வி.”

தலைவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். “அப்பம் பொட்டிக்குக் கருமாதி பண்ண வந்திருக்கிய. செய்யுங்க, செய்யுங்க. சோறு உண்டுமா?”

பெட்டிக்குள்ளே கோடிக்கணக்கில் விலைபோகும் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், அதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. சிலர் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பல்லி முட்டையும் ஒரு நாலணாவும் கிடைத்தன. அதற்குப் பிறகு எல்லோரும் தாராளமாகிவிட்டார்கள். மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியைக் கூட்டிக் கழுவி, வரிசை வரிசையாகப் பெட்டிகளை வைத்தார்கள், பெட்டிக்கு எதிரே பந்தல்காரரிடமிருந்து வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள்.

பலவேசமும் தன் பெட்டியைக் கொடுத்தார். உப்பளத்தில் மோட்டார் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர், ஊரிலேயே உயரமான ஆள். அவருக்கு மட்டும் ஆன்டெனா திருப்ப ஏணி வேண்டாம், நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் போதும் என்று ஒரு கேலி உண்டு. கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. அவர் மனைவி சொர்ணக்கிளி அதற்குக் கொசுவம் வைத்து ஓர் உறை தைத்து, அதில் பச்சை நூலால் ஒரு கிளியும் போட்டிருந்தாள். சொர்ணக்கிளி போய் ஏழு வருஷம் ஆகிறது. உறையை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்.

கண்காட்சியின் திறப்பு நாளன்று மேகலா செய்ய நினைத்தது சின்ன விஷயம். எந்த நிலையமும் வராத எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, அந்த வெள்ளைப் புள்ளிகள் கொதிப்பதையும் அந்த இரைச்சலையும் மக்கள் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஜோசுவா சுவிட்சைப் போட்டான். புள்ளிகள் கொதித்தன. ‘இதுக்கா குளிச்சிட்டு வந்தோம்’ என்று ஊர் கொட்டாவி விடத் தொடங்கியபோது இரைச்சல் அடங்கியது. பாத்தியில் தண்ணீர் வற்றி உப்புப் படிவதுபோலப் புள்ளிகள் கீழே படிந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வீட்டின் முன்னறை தெரிந்தது. அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வாயைத் திறந்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது நம்ம மாரிக்கண்ணுல்லா” என்றார் ஒருவர்.

“நான்தாம்வே” என்றார் மாரிக்கண்ணு, நாற்காலியிலிருந்து. “அந்தச் சட்டை எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தேடுதேன்.”

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெட்டிகள் தங்களைப் பார்த்தவர்களை எல்லாம் அந்தக் காலத்திலேயே பார்த்து வைத்திருந்தன. இப்போது அவர்களைக் காட்டின. சத்தம் மட்டும் வரவில்லை. இது எப்படி என்று ஊரார் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாம் இத்தனை வருஷம் இலங்கைக்காரனை இங்கிருந்து பிடித்தோம், அவனும் சும்மா இருப்பானா, நம்மை அங்கிருந்து பிடித்திருக்கிறான், வைத்திருந்து இப்போது திருப்பி அனுப்புகிறான். நியாயமாகப் பட்டது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஜோசுவா மட்டும் நாள் முழுக்க வயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்து, இது எந்த மென்பொருள் என்று கேட்டபோது மேகலா, “சத்தியமா நாங்க பண்ணல சார்” என்றாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். செய்யாததற்குப் பேர் வாங்கிய கூச்சத்தில் அன்று அவள் சாப்பிடவில்லை.

சங்குமுனை அதைப் பழகிக்கொண்டது. வேலை முடிந்தவர்கள் தலை சீவி, பவுடர் போட்டு, தங்களைப் பார்க்கப் போனார்கள். போன இடத்தில் பழைய சண்டை வந்தது. “ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு, ஒன் மண்டை என்னிய மறைக்கு” என்று ஒருத்தி தன் நாத்தனாருக்குப் பெட்டியைப் பார்த்தே உத்தரவு போட்டாள். பெட்டியில் இருந்த நாத்தனார் அசையவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டி.வி. பார்க்கிற பிள்ளை உருப்படாது என்று பள்ளிக்கூடத்தில் பிரம்போடு சொன்ன வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி, மூன்று வேறு வீடுகளின் பின்வரிசையில் மின்னியது. உப்பு முதலாளி வீட்டுப் பெட்டியில் சோபாவும் அதில் நாலு பேரும் தெரிந்தார்கள், சோபாவுக்குப் பின்னால் சன்னல் கம்பியில் பலாச்சுளை அடுக்கியதுபோல முகங்கள் தெரிந்தன. உள்ளே விடப்படாமல் அந்தக் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் எல்லாம் இப்போது அந்தப் பெட்டிக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளியின் மகன் வந்து பின்னால் நின்றார். யாரும் நாற்காலியை விடவில்லை.

பெட்டியில் இருந்தவர்கள் திடீரென்று ஒரே நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தால், இந்தப் பக்கம் இருந்தவர்கள் எதற்கும் ஒரு தடவை தங்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

பலவேசம் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். காலையில் கதவு திறக்கும்போது வருவார், தன் பெட்டிக்கு எதிரே உட்காருவார், கதவு சாத்தும்போது போவார். அந்தப் பெட்டியில் அவருடைய முன்னறை தெரிந்தது. நடுவில் கட்டிலில் அவரே கால்மேல் கால் போட்டுக் கிடந்தார், சுற்றிலும் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது, முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவருடைய கொழுந்தியாள் செண்பகவல்லி பாவாடை தாவணியில் இருந்தாள். எல்லோருக்கும் பின்னால் அடுப்பங்கரை வாசல். அந்த வாசலில் அவ்வப்போது ஒரு கை வரும், கையில் கண்ணாடி வளையல் இருக்கும், ஒரு தம்ளர் இருக்கும். தம்ளரை யாராவது வாங்கிக்கொள்வார்கள். கை போய்விடும்.

அந்தக் கைக்குரிய முகத்தைப் பார்க்கத்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இதுதான். சொர்ணக்கிளி போனபோது மாலை போட ஒரு படம்கூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்தது யாரோ ஓர் ஆண்பிள்ளை. ஒரு கல்யாணப் படத்தில், யாருடைய தோளுக்கோ பின்னால், அவள் முகம் முக்கால்வாசி கிடைத்தது. ஸ்டுடியோக்காரன் அந்த முகத்தை வெட்டி எடுத்து, மீதிக் காலை வரைந்து, சிவப்பாக்கி, பட்டுச்சேலை கட்டிய வேறொரு பெண்ணின் உடம்பில் வைத்துக் கொடுத்தான். சிரித்திருந்த வாயையும், படத்துக்கு இது ஆகாது என்று மூடிவிட்டான். நல்ல வேலைதான். ஆனால் அந்த அகலத் தோள்காரியைத் தினமும் கும்பிட்டுக் கும்பிட்டு, பலவேசத்தின் மனசில் இருந்த குட்டையான, பல்லிடுக்கு உள்ள, கறுத்த சொர்ணக்கிளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் கொடுத்துவிட்டாள். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பட்டுச்சேலை அம்மாள்தான் வந்து, கூட்டுறவுச் சங்கத்துத் தலைவி மாதிரி அவரைப் பார்த்தாள்.

செண்பகவல்லி ஐஸ் பேக்டரி வாசலில் அவித்த கடலை விற்றாள். பொட்டலத்தோடு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னத்தான், அந்தக் கட்டில்ல கெடக்க ராசாவப் பாத்துப் பாத்துத் திகட்டலையா ஒங்களுக்கு?”

“ஒங்க அக்கா எப்பம்டி உள்ள வந்து உக்காருவா?”

“உக்காரவா? நல்லா விட்டிய. பாட்டு ஆரம்பிச்சா டீத்தண்ணி, செய்தி வந்தா வெந்நித்தண்ணி, படம்னா முறுக்கு. இந்தா பாருங்க, இப்பம்கூட கைய நீட்டுதிய.”

பெட்டியில் இருந்த பலவேசம் உண்மையிலேயே கையை நீட்டினார். நாற்காலியில் இருந்த பலவேசம் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு அவ மொகம் மறந்துட்டு செண்பகம்” என்றார் மெதுவாக. “அந்தப் படக்காரிதான் வாரா.”

செண்பகவல்லி கடலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். “என் மொகத்துல பாருங்க” என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளே, “ம்ஹும், நான் அம்மை ஜாடை. அவ அய்யா ஜாடை” என்று எழுந்து போய்விட்டாள்.

மேகலாவுக்கு விஷயம் தெரிந்ததும், “பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க ஐயா, நிதானமா பாருங்க” என்றாள். மூன்று சக்கர வண்டியில் வைத்துக் கொண்டுபோனார். வீட்டில் போட்டால் வெறும் புள்ளிதான் கொதித்தது. இரண்டு நாள் கொதித்தது. திரும்ப ஐஸ் பேக்டரிக்குக் கொண்டுவந்து மற்றப் பெட்டிகளோடு வைத்ததும் முன்னறை தெரிந்தது, கட்டில் தெரிந்தது, கை வந்தது. இத்தனை வருஷம் பரணில் தனியாகக் கிடந்த பெட்டிகள், இனிக் கூட்டம் இருந்தால்தான் பேசுவேன் என்கின்றன என்று ஊரார் புரிந்துகொண்டார்கள். அதிலும் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. சங்குமுனையில் ஆட்களே அப்படித்தான்.

அதனால்தான் லாரி வருகிறது என்ற செய்தி கேட்டதும் பலவேசம் தன் நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கோ வடக்கே ஒரு பெரிய கண்காட்சிக்கு இந்தப் பெட்டிகளைக் கேட்டிருந்தார்கள். ஊரும் சம்மதித்துவிட்டது. நம் முகம் நாலு ஊர் பார்க்கட்டும் என்று தலைவர் சொன்னபோது, பெட்டியில் நன்றாக விழுந்திருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி. வியாழக்கிழமை பார்த்து மின்வாரியம் பராமரிப்பு என்று அறிவித்திருந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்டு. மிச்சமிருந்த ஒரு நாளும் போயிற்று.

ஆனாலும் பலவேசம் வியாழக்கிழமை வந்தார். பழக்கம்தான். கையில் அந்தக் கிளி உறையை மடித்து வைத்திருந்தார், பெட்டி போகும்போது தூசி படாமல் போகட்டும் என்று. உள்ளே மேல்சன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் சாய்ந்து விழுந்திருந்தது. பெட்டிகள் எல்லாம் அணைந்து, சாம்பல் பச்சையாக, கிணற்றுத் தண்ணீர்போல இருந்தன. ஜோசுவா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மேகலா வியர்த்துக் கொட்டிப் பெட்டிகளுக்குச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, மன்னிச்சிருங்க” என்றாள். “நாங்க ஏதாவது காட்டணும்னு வந்தோம். உங்களுக்கு வேணுங்கறதை மட்டும் காட்ட முடியல.”

“நீ என்ன செய்வ தாயி. அவ உக்காரவே இல்லியே. உக்காராத ஆள பொட்டி எப்பிடிப் பாக்கும்?”

அவள் நெற்றியைத் துடைத்தாள். துடைத்ததில் ஸ்டிக்கர் பொட்டு வழுக்கிப் புருவத்துக்கு வந்துவிட்டது. குனிந்து, பக்கத்தில் இருந்த அணைந்த பெட்டியின் கண்ணாடியில் முகம் பார்த்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பொட்டை நடுவில் நகர்த்தினாள்.

பலவேசம் அதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கையிலிருந்த உறை தானாக விரிந்தது.

அவர் வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான் உண்டு. அதை அவர் சவரம் செய்வதற்கு வாகாகத் தன் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியிருந்தார். சொர்ணக்கிளி அவர் மார்புக்குத்தான் வருவாள். அவள் எதில் பார்த்துப் பொட்டு வைத்தாள் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் அவள் பொட்டு ஒரு நாளும் கோணலாக இருந்ததில்லை.

“தாயி, கொஞ்சம் தள்ளிக்கோ” என்றார்.

தன் பெட்டிக்கு முன்னால் போனார். நின்றால் கண்ணாடியில் அவர் வயிறுதான் தெரிந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்கால் ரெண்டும் சத்தம் போட, கீழே உட்கார்ந்தார். அணைந்த கண்ணாடியில் அவருடைய முகம் இருட்டாகத் தெரிந்தது, பின்னால் மேல்சன்னல் தெரிந்தது. அப்படியே இருந்தார். ஜோசுவா வயர் சுருட்டுவதை நிறுத்தினான்.

கண்ணாடிக்குள் முதலில் ஒரு துணி விலகியது. பச்சைக் கிளி மேலே போயிற்று. திரை தூக்கியதுபோல வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பெட்டி முழுக்க ஒரு முகம் வந்தது. கறுத்த முகம், அகலமான நெற்றி, முகவாயைத் தூக்கிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மோதிர விரலில் குங்குமம். விரல் வந்தது, நெற்றியின் நடுவில் அழுந்தியது, எடுத்தது. ஒரு கண்ணைச் சுருக்கிச் சரிபார்த்தாள். பல்லிடுக்கில் ஏதோ இருந்தது, அதையும் நாக்கால் துழாவி எடுத்தாள்.

பிறகு அவள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் கட்டில் தெரிந்தது. நடுப்பகல். கட்டிலில் பனியனோடு பலவேசம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் ஆவென்று திறந்திருந்தது. சொர்ணக்கிளி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி கண்ணாடிக்குத் திரும்பினாள். கண்ணை மூடினாள், கழுத்தைச் சாய்த்தாள், வாயை ஆவென்று திறந்தாள், மூக்கை விடைத்து மார்பை ஏற்றி இறக்கிக் குறட்டை விட்டாள். சத்தம் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை, அவ்வளவு சரியாக இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து தன் வித்தையைத் தானே பார்த்தாள், பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

உறை கீழே இறங்கியது.

வாசலில் கடலைக் கூடையோடு இருந்த செண்பகவல்லிக்கு உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு வருஷம் ஆனதால் முதலில் அது யார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஓடிவந்து பார்த்தால் அத்தான் தரையில் உட்கார்ந்து கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தான், என்ன ஆச்சு?”

“ஒங்க அக்கா என்னியப் பழிச்சுக் காட்டுதாடி!”

செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த தடவை உறை தூக்கியபோது அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இத எனக்கும் செஞ்சு காட்டுவா” என்றாள். “நாங்க அடுப்பங்கரையில உருண்டு உருண்டு சிரிப்போம். நீங்க எந்திரிச்சு வந்து, டீ எங்கன்னு கேப்பிய.”

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மேகலா ஓடிப்போய்க் கட்டிய சாக்குகளை எல்லாம் தானே பிரித்தாள். ஊர் வந்து அணைந்த பெட்டிகளுக்கு முன்னால் குனிந்தது. படம் ஓடும்போது ஒரு நாளும் உட்காராதவர்கள் எல்லாம் அணைந்த கண்ணாடியில் வந்தார்கள்: தூசி துடைத்தவர்கள், ஈரத்தலையை உதறியவர்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் நாணப்பட்டுப் பழகியவர்கள், மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலில் பெட்டியிடம் சொல்லிப் பார்த்தவர்கள். முதலாளி வீட்டுப் பெட்டியில், அந்த வீட்டில் பாத்திரம் துலக்கிய பொன்னரசி, ஆளில்லாத நேரத்தில் முதலாளி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள். முதலாளியின் மகன் அதைப் பார்த்துவிட்டு, “எங்க அப்பாவேதான்” என்றார், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

சாயங்காலம் கரண்டு வந்தது. எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. பழையபடி ஊர் முழுக்க வாயைத் திறந்தபடி உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்தது. கரண்டு வந்தால் கைதட்டிக் கூவும் சங்குமுனை, முதல் தடவையாக, “அய்யய்யே” என்றது.

“அணைடே, அந்த எழவ!” என்று தலைவர் ஜோசுவாவைப் பார்த்துக் கத்தினார்.

மறுநாள் லாரி வந்தபோது சிலர் பெட்டியைக் கொடுக்க யோசித்தார்கள். மேகலா யாரையும் வற்புறுத்தவில்லை. பலவேசம்தான் முதலில் தன் பெட்டியைத் தூக்கிவிட்டார், கிளி உறையைப் போட்டு, நாடாவை முடிந்து.

“வேண்டாங்கய்யா” என்றாள் மேகலா. “அவங்க உங்க கூட இருக்கட்டும். இது ஒண்ணு இல்லாமலும் நாங்க சமாளிச்சுக்குவோம்.”

“வீட்டுக்குக் கொண்டுபோனா புள்ளிதானே கொதிக்கும். அவளுக்கும் கூட்டம் வேணும். போற எடத்துல பகல்ல கொஞ்ச நேரம் அணைச்சு வையி. உறையை மட்டும் நீ தூக்காத, அவளே தூக்குவா.”

லாரி போயிற்று. பலவேசம் வீட்டுக்கு வந்தார். சுவரில் பட்டுச்சேலை அம்மாள் இருந்தாள்; இத்தனை நாள் இடம் காத்ததற்கு அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். கண்ணை மூடிப் பார்த்தார். குங்குமம் ஒட்டிய விரல் வந்தது.

நடுப்பகல் வெயில் ஓட்டில் இறங்கியதும் பனியனோடு கட்டிலில் மல்லாந்து படுத்தார், கால்கள் பழையபடி வெளியே தொங்கின. தூங்கும்போது வாயைத் திறக்காமல் இருக்க ஒரு பக்கமாகப் படுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவரும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இனி முடியாது. வாயை மூடிக்கொண்டு படுத்தால் அவள் எதைப் பார்த்துச் சிரிப்பாள்?